ஒழுகாத அறை

"அக்கா, ஹவுஸ்புல்!"

முன்பதிவு பார்க்கிற ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தியதைக் கேட்டு, சாவியக்காவும் முதலில் சந்தோஷப்படத்தான் செய்தாள். கல்லூரி விடுதியில் ஓர் அறை பாக்கியில்லாமல் நிரம்பிவிட்டால் அவர் இப்படித்தான் கத்துவார். அதனாலேயே அவர் பேரும் ஹவுஸ்புல் என்று ஆகிப்போனது. நாற்பது வயது மனுஷர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. காலி அறையைக் கண்டால் மட்டும் சொந்தச் சொத்து பறிபோனது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

"எல்லாமேவா தம்பி?"

"எல்லாமே. மூணாவது மாடி கடைசி ரூம் உட்பட."

சாவியக்காவின் சிரிப்பு நின்றது.

"அது ஒழுகற ரூம் ஆச்சே."

"எங்க ஒழுகுது? வருஷக்கணக்கா ஒழுகுது ஒழுகுதுன்னு சாவிப் பலகையில சிவப்பு வில்லையை மாட்டி வச்சிருக்கோம். காலையில குழாய்க்காரரை அனுப்பினேன். மேல ஒழுகினா கீழ் ரூம் கூரையில தெரியணும் இல்லையா? அவர் கீழ போய்ப் பார்த்திருக்காரு. நேத்து வெள்ளையடிச்ச மாதிரி இருக்காம், ஒரு பொட்டு ஈரம் இல்ல. சிவப்பை எடுத்துட்டுப் பச்சையை மாட்டிட்டேன்." ஹவுஸ்புல் பாராட்டுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அது வராததால் தானே தொடர்ந்தார். "மாநாட்டுக்கு வர்ற சங்கத்துச் செயலாளர் அம்மாவுக்கே கொடுத்துட்டேன். எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டாங்க. அதோ, டீ குடிக்கிறாங்க."

இத்தனை வருஷம் ஒழுகிய தண்ணீர் கீழே எங்கேதான் போயிற்று என்று அந்தக் கல்லூரியில் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. படித்தவர்கள் நிறைந்த கட்டடம், அப்படியும் கேட்டதில்லை. அவ்வளவு ஏன், அந்தப் பொய்யைச் சொன்ன சாவியக்காவே யோசித்ததில்லை. சொன்னவள் அதற்கு இரண்டு வாளித் தண்ணீராவது செலவு செய்திருக்க வேண்டாமா?

அந்த அறை ஒழுகவில்லை. அந்த அறையில் ஒரு பெண் இருந்தாள். இவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நிமிஷமும் உள்ளே இருந்தாள்.

சாவியக்காவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டியவள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார், வளர்ந்த மகன்கள் இரண்டு பேர். இந்த விடுதிக்கு அவள் வந்தது துணி வெளுக்கிற வேலைக்கு. கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மானியம் பாதியாகச் சுருங்கிய வருஷம், அப்போதிருந்த முதல்வர் தலையில் கைவைத்து உட்காராமல் ஒரு காரியம் செய்தார். விடுமுறையில் பிள்ளைகள் ஊருக்குப் போனதும் விடுதி சும்மாதானே கிடக்கிறது, பெரிய கூடமும் சும்மாதானே கிடக்கிறது, மாநாடு நடத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவோம் என்றார். முதலில் வந்தவர்கள் தபால்தலை சேகரிக்கிறவர்கள். சாவிக்கொத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், படுக்கை விரித்துக்கொண்டிருந்த இவள் கையில் கொடுத்தார்கள். திருப்பி வாங்க மறந்துபோனார்கள்.

அன்றைக்கு இடுப்பில் ஏறிய கொத்து இறங்கவே இல்லை. அதற்கப்புறம் எத்தனை மாநாடு! பல் மருத்துவர்கள் வந்தால் தட்டில் இனிப்புத்தான் முதலில் காலியாகும். தத்துவப் பேராசிரியர்கள் சாவியைத் தொலைப்பார்கள், பிறகு தங்கள் சட்டைப் பையிலேயே கண்டுபிடித்து ஆச்சரியப்படுவார்கள். காப்பீட்டு முகவர்கள் கிளம்பும்போது துண்டை எண்ண வேண்டும். இப்படி வந்து படுத்துவிட்டுப் போனவர்கள் கொடுத்த வாடகையில்தான் ஆய்வுக்கூடத்துக்குக் குடுவை வந்தது, நூலகத்துக்கு விளக்கு வந்தது, கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் வந்தது. இன்றைக்கு அவள் மாநாட்டுப் பொறுப்பாளர். வேலைக்காரர்கள் எட்டுப் பேருக்குத் தலைவி. பேர் மட்டும் சாவியக்காதான்.

விடுமுறை தொடங்கும் நாள் அவளுக்குக் கல்யாண வீட்டு நாள் மாதிரி. காலையில் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு இறங்க வேண்டும். விட்டுப்போன சாமான்கள் பரண் அறைக்கு ஏற வேண்டும். மெத்தையைத் தட்டி, புது விரிப்புப் போட்டு, மதியத்துக்கு மேல் விருந்தாளிகள் வருவதற்குள் மாணவர் விடுதி என்கிற வாசனையே இல்லாமல் ஆக்க வேண்டும்.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். முதலாண்டு படிக்கிறவள். மூன்றாவது மாடி கடைசி அறையில், கட்டி வைத்த பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். "கிளம்பும்மா, வண்டி போயிடும்" என்றால், "இதோ போறேங்கா" என்பாள், எழுந்திருக்க மாட்டாள். மறுபடி வந்து பார்த்தால் அதே பெட்டி, அதே "இதோ போறேங்கா." மூன்றாம் தடவை சாவியக்கா கோபமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தபோது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வீட்ல என் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாதுக்கா. போடச் சொன்னா அம்மா திட்டறாங்க. அவரு கோவிச்சுக்குவாராம்."

அவர் என்றால் அம்மாவின் இரண்டாவது கணவர். சாவியக்கா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்க வீட்டுக்கு வந்துடு கண்ணு" என்றாள். "வீட்ல யாரெல்லாம் இருக்காங்கக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டுக்காரரையும் இரண்டு மகன்களையும் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள். தங்கமான பிள்ளைகள் என்று சொல்ல வந்ததைச் சாவியக்கா விழுங்கிக்கொண்டாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு யார் தங்கம், யார் பித்தளை என்று உரசிப் பார்க்கிற தெம்பு இல்லை என்பது புரிந்தது.

அன்று மதியமே வரவேற்பில் இருக்கிற சாவிப் பலகையில் கடைசி அறைக்குச் சிவப்பு வில்லையை மாட்டினாள். பச்சை என்றால் விடலாம், சிவப்பு என்றால் விடக்கூடாது. காரணம் என்று பக்கத்தில் "ஒழுகுகிறது" என எழுதினாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு சட்டம் போட்டாள். யார் கதவைத் தட்டினாலும் திறக்காதே, குரல் கொடுக்காதே. போனைச் சத்தமில்லாமல் வை, காலி அறையிலிருந்து மணி கேட்கக் கூடாது. சாப்பாட்டுக்குச் சமையல்கட்டுப் பின்வாசல். ஒவ்வொரு விடுமுறையும் இப்படியே ஓடியது. இப்போது அவள் இறுதியாண்டு. கட்டணச் சலுகையில் படிக்கிறவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த வாடகை அவளைப் படிக்க வைத்ததோ, அதே வாடகைக்காகத்தான் விடுமுறை தோறும் அவளை வெளியே போகச் சொல்கிறார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சாவியக்கா வரவேற்பு மேசைக்கு அடியில் போனை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தினாள். மணி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அவள் போட்ட சட்டம்தானே. யாரைக் குறை சொல்ல?

"படுக்கை விரிக்க ஆள் அனுப்பினேங்கா" என்றார் ஹவுஸ்புல். "சாவி சுத்துதாம், கதவு நகரலையாம். மழைக்கு மரம் ஊதிடுச்சு போல. உங்க மாஸ்டர் சாவியைக் கொண்டாங்க, நாமளே போய் ஒரு தள்ளு தள்ளிடுவோம்."

அப்படியென்றால் ஏற்கெனவே ஒருத்தர் போய்க் கதவை அசைத்துப் பார்த்துவிட்டார். உள்ளே அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! சாவியக்கா கையை இடுப்புக் கொத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, செயலாளர் அம்மாவிடம் போனாள்.

வந்திருப்பது கால்நடை மருத்துவர்கள் சங்கம். முதல் தடவை வருகிறார்கள். பிடித்துப்போனால் வருஷா வருஷம் வருவார்கள் என்று முதல்வர் ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தார். செயலாளர் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். குட்டை முடி, பெரிய கைகள்.

"அம்மா, அந்த ரூம் அவ்வளவு வசதிப்படாதுங்க. மூணு மாடி ஏறணும். ராத்திரியில ஒழுகினாலும் ஒழுகும்."

"மாட்டுக் கொட்டகையில படுத்து எழுந்தவம்மா நான். ஒழுகினா குடை பிடிச்சுக்கறேன். முகம் கழுவணும், அவ்வளவுதான். போலாமா?"

"இன்னொரு டீ?"

"ரெண்டு ஆச்சு" என்று அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஹவுஸ்புல் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுஷர், என்ன செய்வது!

படியேறும்போது சாவியக்காவின் மூளை நாலு பக்கமும் ஓடியது. வேறு அறை கொடுக்கலாமென்றால் எல்லாம் நிரம்பிவிட்டது. சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாமென்றால் இடுப்பில் கிலுகிலு என்று ஆடுகிறது. முன்னால் ஓடிப் போய்க் கதவருகே ஒரு வார்த்தை சொல்லலாமென்றால் ஹவுஸ்புல் இரண்டிரண்டு படியாகத் தாவி முன்னால் போய்க்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. வயசு ஒரு பாதி, பயம் ஒரு பாதி.

கதவு முன்னால் நின்று, கொத்தில் தேடுவது போல நேரம் கடத்தினாள்.

"அந்தப் பித்தளைச் சாவிதானேக்கா?" என்றார் ஹவுஸ்புல்.

போட்டாள். சாவி சுற்றியது. கதவு நகரவில்லை.

"சொன்னேன் இல்ல? தள்ளுங்க, நான் பாக்கறேன்." பையைக் கீழே வைத்துவிட்டு, தோளைக் கொடுத்து முட்டினார். கதவு ஒரு விரல் அளவு உள்ளே போயிற்று. உள்ளே மரக்கால் தரையில் கிறீச்சென்று உரசியது. "அட, மேசை! உள்ள மேசையை இழுத்துப் போட்டிருக்கு. எப்படி? ஆள் இருந்தாத்தான்..." அவர் முகம் மாறியது. "அக்கா, உள்ள யாரோ இருக்காங்க. திருடன்! விடாதீங்க, நான் அமுக்கிப் பிடிக்கறேன்." மறுபடி முட்டினார். மறுபடி கிறீச்.

சாவியக்கா பூட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கதவு இடுக்கு வழியாக அவளுக்கு மட்டும் கேட்டது. "வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம்..." குரலே இல்லை, மூச்சுத்தான். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை அது.

இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். "தம்பி, திருடன்னா தனியா மோதாதீங்க, ஓடிப் போய்க் காவலாளியைக் கூட்டிட்டு வாங்க, நான் அம்மாவைக் கீழ கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் ஹவுஸ்புல் பறந்திருப்பார். அந்த இடைவெளியில் பெண்ணைப் பின் படிக்கட்டு வழியாக இறக்கிவிடலாம். காற்றில் மேசை நகர்ந்தது, பேய் நகர்த்தியது என்று ஏதாவது பூசி மெழுகிக்கொள்ளலாம். இவ்வளவும் அவளுக்கு அந்த நொடியிலேயே தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது.

ஹவுஸ்புல் மூன்றாவது முறை தோளைப் பின்னால் இழுத்தார்.

"கையை எடு தம்பி!"

அவள் போட்ட சத்தத்தில் நடைவழியே அதிர்ந்தது. ஹவுஸ்புல் திகைத்து நின்றுவிட்டார். சாவியக்கா கதவில் கன்னத்தை வைத்தாள்.

"கண்ணு, நான்தான். சாவியக்கா. வெளிய மூணு பேர் நிக்கிறோம். ஒண்ணு நானு. தள்ளினது நம்ம ஹவுஸ்புல், அவருக்கு விஷயம் தெரியாது. இன்னொண்ணு ஒரு டாக்டரம்மா. வேற யாரும் இல்ல. யாரும் உள்ள வரமாட்டோம். நீயா திறந்தாத்தான். அவசரமே இல்ல."

மேசை நகரவில்லை.

செயலாளர் அம்மா ஹவுஸ்புல்லின் முழங்கையைப் பிடித்து, "பின்னால வாங்க" என்று மெதுவாகச் சொன்னார். "பயந்து கிடக்கிற உயிருக்கு வழியை அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது." அவரையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டு ஓரம் போய், தரையில் தன் பைமேல் உட்கார்ந்துகொண்டார். ஹவுஸ்புல்லுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன பண்ணினேன்?" என்று அந்த அம்மாவிடமே இரண்டு முறை கேட்டார்.

வெகுநேரம் கழித்து மேசை நகர்ந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் வெளுத்துப்போய் நின்றாள். கையில் பெட்டி. கிளம்புவதற்குக் கட்டி முடித்திருந்தாள்.

முதல்வர் அறையில் சாவியக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. தாழ்ப்பாள் விஷயத்தை மட்டும், அந்தப் பெண்ணின் அனுமதி இல்லாமல் எப்படிச் சொல்வது என்று, "வீட்டுக்குப் போக முடியாத நிலைமை சார்" என்று நிறுத்திக்கொண்டாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"விடுதியில தங்கறவங்க பேர் எல்லாம் ஒரு பட்டியல்ல இருக்கு. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். தீப்பிடிச்சா ஆள் எண்ணறதுக்கு."

"மூணு வருஷத்துல ஒரு நாள் பிடிச்சிருந்தா? எல்லாரையும் வெளிய கொண்டுவந்து நிறுத்தி எண்ணியிருப்போம். கணக்குச் சரியா இருந்திருக்கும். கதவைத் தட்டினாலும் திறக்காதேன்னு சொல்லி வச்சிருக்கீங்க. அந்தப் பொண்ணை யார் தேடியிருப்பா?"

முதல்வரை நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் மனுஷர் சொன்னது நியாயம். சாவியக்காவுக்குச் சம்மட்டியால் அடித்தது போல இருந்தது. நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பில், அந்தப் பெண்ணை இந்த உலகத்தில் யார் கணக்கிலும் இல்லாமல் பூட்டி வைத்திருந்தது தான்தான் என்று இப்போதுதான் உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

"என்கிட்ட ஏன் கேக்கல?" என்றார் முதல்வர்.

"கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் உங்க பேச்சையும் மீறின மாதிரி ஆயிருக்கும்."

அவர் மறுக்கவில்லை. "இப்பவும் எப்படி எழுதறது? மாணவின்னு எழுதினா விடுமுறையில மாணவிகள் தங்க விதியில்ல. மாநாட்டுக்கு வந்தவள்னு எழுத முடியாது. ஊழியர்னா ஒரு ஆள்தான் இங்க தங்கலாம், அது நீங்க."

மாநாட்டு நாட்களில் வரவேற்புக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் பொறுப்பாளர் தங்குவது வழக்கம். சாவியக்கா இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றினாள். அத்தனை வருஷம் கழற்றாத கொக்கி உடனே வரவில்லை. மேசைமேல் வைத்தாள்.

"என் பேரை அடிச்சுட்டு அவ பேரை எழுதிக்குங்க சார். வேலைக்கு நான் வீட்லருந்து வந்து போயிக்கறேன். மாநாடு முடிஞ்சதும் நீங்க என்ன சொன்னாலும் சரி, போகச் சொன்னாலும் சரி. இன்னைக்கு அவ பேர் மட்டும் அதுல இருக்கட்டும்."

முதல்வர் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்டியலை இழுத்து, ஒரு பேரை அடித்து, ஒரு பேரை எழுதினார். "சாவி இனிமே ஹவுஸ்புல்கிட்ட இருக்கும்" என்றார். "அந்தச் சின்ன ரூம் சாவியைத் தவிர. அதைக் கழட்டி அந்தப் பொண்ணுகிட்டயே கொடுத்துடுங்க. ரெண்டு சாவியையும். உங்க விஷயத்தை மாநாடு முடியட்டும், அப்புறம் பேசுவோம்." பேசுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா?

மருத்துவர்கள் வருகிற பேருந்துகள் பெரிய கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. சாவியக்கா வரவேற்பு மேசையில் சட்டையில் குத்துகிற பேர் வில்லைகளை வரிசையாக அடுக்கினாள். அந்தப் பெண் சின்ன அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையில் இரண்டு சாவியும் இருந்தன.

"நீங்க பேசாம இருந்திருக்கலாம்கா. அவங்க போனதும் நான் ஓடியிருப்பேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"தெரியும் கண்ணு."

"பின்ன ஏங்கா?"

சாவியக்கா ஒரு வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்தாள். வெளியே முதல் பேருந்து நின்று கதவு திறந்தது.

"எங்க வீட்ல கதவைத் தள்ளினவரு ஒரு நாளும் குரல் கொடுத்ததில்லக்கா" என்றாள் அந்தப் பெண். "நானும் யாருன்னு கேட்டதில்ல. நீங்கதான் மொத மொத, வெளிய யார் யார் நிக்கிறாங்கன்னு எனக்குச் சொன்னீங்க."